தண்ணீரில் விழுந்த கைபேசியும் மூன்று பொய்யான அபாய அழைப்புகளும்

துணி ஊற வைத்திருந்த வாளியின் மீது குனிந்தபோது, சட்டைப் பையிலிருந்த கைபேசி நழுவிச் சோப்புத் தண்ணீருக்குள் விழுந்தது. உடனே எடுத்துத் துடைத்தேன்; திரை எரிந்தது, பேச முடிந்தது. தண்ணீரைத் தாங்கும் ஐபி68 தரம் கொண்ட கைபேசிதானே என்ற நம்பிக்கையில் அன்று மாலையே சார்ஜரில் செருகிவிட்டேன். அந்தத் தரச் சோதனை புதிய கைபேசியைச் சுத்தமான தண்ணீரில் வைத்து ஆய்வகத்தில் செய்யப்படுவது என்பதும், மூன்று வருடம் புழங்கிய கைபேசியின் ரப்பர் அடைப்புகள் தளர்ந்திருக்கக்கூடும் என்பதும், சோப்பு கலந்த தண்ணீர் வெறும் தண்ணீரைவிடச் சிறிய இடுக்குகளிலும் எளிதாகப் புகும் என்பதும் அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குத் தலைமாட்டில் சங்கொலி போல ஒரு சத்தம் எழுந்து என்னை உலுக்கியது. சார்ஜில் கிடந்த கைபேசியின் திரை சிவப்பாக ஒளிர, அதில் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. என்னவென்று புரிவதற்குள் அவசர உதவி எண்ணுக்கு அழைப்பு போய்விட்டது. மறுமுனையில் ஒருவர் பேசத் தொடங்கிய அந்த நொடியில் நான் பதறிப்போய் இணைப்பைத் துண்டித்தேன். இந்த முழு அனுபவத்திலும் நான் செய்த பெரிய தவறு அதுதான். பேசாமல் துண்டிக்கப்பட்ட அழைப்பு என்றால், பேச முடியாத நிலையில் ஒருவர் இருக்கிறார் என்றும் பொருள் கொள்ளலாம் என்பதால், அவர்கள் அதை அப்படியே விட்டுவிடுவதில்லை. திரும்ப அழைத்திருக்கிறார்கள். என் கைபேசியோ அதற்குள் தானாக அணைந்து அணைந்து உயிர்பெற்றுக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு வழியாக இணைப்புக் கிடைத்தபோது, அந்த அம்மையார் கோபப்படவே இல்லை. “நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா? அருகில் இருக்கும் யாராவது உங்களைப் பேசவிடாமல் தடுக்கிறார்களா?” என்று நிதானமாகக் கேட்டு, பதிலை உறுதி செய்துகொண்ட பிறகே வைத்தார்.

அதே நேரத்தில், அவசரத் தொடர்பாளராக நான் பதிந்து வைத்திருந்த அக்காவுக்கும் செய்தி போயிருந்தது. என் இருப்பிடம், முன்பின் கேமராக்கள் எடுத்த இரண்டு படங்கள், ஐந்து நொடி ஒலிப்பதிவு ஆகியவை அதில் இருந்தன. ஒரு படம் முழுக்க இருட்டு. இன்னொன்றில் கூரையின் ஒரு மூலை மட்டும் சாய்வாகத் தெரிந்தது. ஒலிப்பதிவில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்த ஐந்து நொடி அமைதிதான் தன்னை நடுங்க வைத்தது என்று அக்கா பிறகு சொன்னாள். எத்தனை முறை அழைத்தும் நான் எடுக்காததால், தூக்கக் கலக்கத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கதவைத் திறந்த என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பல கைபேசிகளில் பவர் பட்டனை அடுத்தடுத்து ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்புத் தொடங்கும். சிலவற்றில் மூன்று முறையே போதும். பட்டனுக்கு உட்புறம் பொட்டு அளவே உள்ள ஓர் உலோகத் தகடு இருக்கிறது. அழுத்தும்போது அது அமுங்கி இரண்டு முனைகளையும் இணைக்கிறது. தண்ணீர் காய்ந்த பிறகு மிஞ்சும் உப்பும் சோப்புப் படிவும் அந்த முனைகளுக்கிடையே ஒரு மெல்லிய பாலம் போலப் படிந்துவிட்டால், ஈரப்பதமும் சூடும் மாறும்போது இணைப்பு வந்து வந்து போகும். கைபேசிக்கு அது யாரோ பட்டனை வேகமாக அழுத்துவதாகவே படும். உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் அரிப்பும் வேகமாகப் பரவும். விழுந்த அன்று நன்றாக இருந்த கைபேசி மூன்றாம் நாள், அதுவும் சார்ஜ் ஏறிச் சூடான வேளையில், கெட்டதற்குக் காரணம் இதுதான்.

மறுநாள் காலையில், அமைப்புகளுக்குள் சென்று ஐந்து முறை அழுத்தினால் அழைக்கும் வசதியை நிறுத்தினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அழைப்பும் தொடர்பாளர்களுக்குச் செய்தி அனுப்புவதும் என் கைபேசியில் தனித்தனிப் பொத்தான்கள். நான் ஒன்றை மட்டும் நிறுத்தியிருந்ததால், இரண்டு மணி நேரத்தில் அக்காவுக்கும் இன்னும் இருவருக்கும் இரண்டாவது செய்தி போனது. அதையும் நிறுத்திய பிறகு, மாலையில், திரையின் அடியில் தேங்கிய ஈரத்தால் விரல் படாமலேயே தொடுதல்கள் பதிவாகத் தொடங்கின. பூட்டிய திரையில் இருக்கும் அவசர அழைப்புப் பொத்தானை அமைப்புகளில் எங்கும் நிறுத்த முடியவில்லை. மூன்றாவது முறை அவசர எண்ணுக்கு அழைப்பு போனது அந்த வழியாகத்தான். இந்த முறை நான் துண்டிக்கவில்லை. பெயரைச் சொல்லி, கைபேசி நனைந்து பழுதாகியிருக்கிறது, எனக்கு ஆபத்து எதுவும் இல்லை, மீண்டும் இப்படி நேரக்கூடும் என்று விளக்கினேன். பேச்சு ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. யாரும் திரும்ப அழைக்க வேண்டியிருக்கவில்லை.

2023 ஜூன் மாதத்தில் பிரிட்டனின் காவல்துறைத் தலைவர்கள் கவுன்சில், ஆண்ட்ராய்டு கைபேசிகளின் இந்த வசதியால் 999 என்ற அவசர உதவி எண்ணுக்குத் தவறான அழைப்புகள் குவிவதாக வெளிப்படையாகச் சொன்னது. தவறுதலாக அழைப்பு போனால் துண்டிக்காமல் காத்திருந்து தவறென்று சொல்லுங்கள் என்பதே அன்று பொதுமக்களிடம் அவர்கள் வைத்த வேண்டுகோள்.

சிம் அட்டையைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தேன். அது தீர்வல்ல. பல நாடுகளில் சிம் இல்லாமலேயே அவசர எண்ணை அழைக்க முடியும்; அப்படிப் போகும் அழைப்பில், திரும்ப அழைக்க அவர்களிடம் எண்கூட இருக்காது. ஃப்ளைட் மோடும் உதவவில்லை. அவசர அழைப்பு தொடங்கியதும் கைபேசி அதிலிருந்து தானே வெளியேறிவிடும். அணைத்து வைத்தால், ஒட்டிக்கொண்ட பவர் பட்டன் தானாகவே மீண்டும் அதை எழுப்பியது. ஆகவே பழுதுபார்ப்பவரிடம் போகும் வழியெல்லாம் பைக்குள் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்து, எண்கள் குறையத் தொடங்கினால் உடனே நிறுத்துவதற்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கைபேசியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பைப் பிரித்தார். ‘டிக்’ என்ற அந்தச் சிறு சத்தத்துக்குப் பிறகுதான் என் கை நடுக்கம் அடங்கியது. சிம் தட்டுக்கு உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய ஈரங்காட்டி ஒட்டு சிவந்து போயிருந்தது. பவர் பட்டனோடு சேர்ந்த மெல்லிய நாடாவை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் காட்டினார். செம்புத் தடங்களின் ஓரத்தில் பச்சைப் பொருக்கு, அதன் மேல் வெள்ளைப் படலம். மின்சுற்றுப் பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, நாடாவை முழுவதுமாக மாற்றினார். அரிசிக்குள் போட்டு வைத்திருக்கலாமோ என்று நான் கேட்டதற்கு, அரிசி உள்ளே படிந்த உப்பை எடுக்காது, தூசியும் துணுக்கும்தான் துளைகளில் போய் அடையும் என்றார். விழுந்த உடனே அணைத்து, சார்ஜ் போடாமல் கொண்டுவந்திருந்தால் துப்புரவோடு போயிருக்கும் என்றும், இனி இந்தக் கைபேசி பழையபடி தண்ணீரைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம் என்றும் சொன்னார்.

பழுது நீங்கியதும் அவசர வசதிகளை நான் உடனே இயக்கவில்லை. ஒரு வாரம் கைபேசியை மேசைமேல் வைத்து, யாரும் தொடாமல் திரை எரிகிறதா என்று குறித்துக்கொண்டு வந்தேன். ஒருமுறைகூட எரியவில்லை. அதற்குள் அக்கா ஒருநாள் கேட்டாள்: “இனிமே உன் போன்ல இருந்து மெசேஜ் வந்தா நான் ஓடி வரணுமா, வேண்டாமா?” அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கைபேசியைச் சரிசெய்ய ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. அவள் மனத்தில் விழுந்த சந்தேகத்தை நீக்க அது போதாது. இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம்: செய்தி வந்தால் முதலில் எனக்கு அழைக்க வேண்டும், எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டாருக்கு, அவர்களும் எடுக்காவிட்டால் உண்மை என்றே கொள்ள வேண்டும். என் பக்கத்தில், பட்டனை அழுத்தியதும் அழைப்பு தானாகப் போகாமல், திரையில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் மட்டுமே போகும்படி மாற்றிக்கொண்டேன்.

எட்டாம் நாள் காலையில் மூன்று பேருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு எல்லா வசதிகளையும் இயக்கினேன். பிறகு அவர்களுக்கு ஒரே வரியில் எழுதினேன்: “இன்று முதல் என் கைபேசியிலிருந்து வரும் அபாயச் செய்தி உண்மையானது.” அக்காவிடமிருந்து சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது: “சரி, வருவேன்.”