ஒயின்காரர் பெயரில் ஓர் உதவித்தொகை

கேட்டரிங் மாணவர்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பித் தருவதும் என் வேலையில் சேர்ந்ததுதான். பெரும்பாலும் வருமானச் சான்றிதழ், பாஸ்புக் நகல் என்று முடிந்துவிடும். சாயல்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் கொண்டுவந்தது வேறு மாதிரி. வெளிநாட்டில் சமையல் படிக்க உதவித்தொகை. காலமான ஒயின் தயாரிப்பாளர் ஒருவரின் நினைவாகத் தருகிறார்கள். சொந்த ஊர் உணவைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுத வேண்டும்.

"சமையல் படிக்கத் தர்ற பணத்துக்கு ஒயின்காரர் பேரு எதுக்கு சார்?" என்றான்.

நியாயமான கேள்விதான். கலிபோர்னியாவின் ராபர்ட் மொண்டாவியைப் பற்றிச் சொன்னேன். 1966-ல் நாபா பள்ளத்தாக்கில் ஒயின் ஆலை தொடங்கியவர். ஒயினைச் சாப்பாட்டோடு சேர்த்தே பேசினார். ஆலையிலேயே சமையல் வகுப்புகளும் நடந்தன. 2001-ல் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஒயின், உணவு அறிவியலுக்கான நிறுவனம் அமைக்க 2.5 கோடி டாலர் கொடுத்தார். 2008-ல் மறைந்தார். அங்கே திராட்சை பிழிகிறவரும் அடுப்படியில் நிற்பவரும் பங்காளிகள் மாதிரி.

அவன் எழுதிவந்த கட்டுரையில் மீன் குழம்பு, முண்டு மிளகாய், கீழக்கரைத் தொதல் எல்லாம் இருந்தன. அப்பா பனையேறுகிறவர் என்பது மட்டும் இல்லை. கேட்டதற்கு, "கள்ளுன்னு நினைச்சிருவாங்க சார்" என்றான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பதநீர்க் கலயத்தையும் மோந்து பார்க்கிறவர்களுக்கு நடுவே வளர்ந்தவன், அவன் வேறென்ன சொல்வான்?

ஆனால் அந்த வீட்டில் இருப்பது நொதித்தலை நிறுத்தும் வித்தை. பாளையைச் சீவியதும் வடியும் சாற்றில் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது அடங்கும், பதநீர் கிடைக்கும். தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு குறைந்தாலும் சிக்கல்தான், புளித்த பதநீரில் கருப்பட்டி இறுகாது. காய்ச்சும்போது பொங்கி வந்தால் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள். எண்ணெய் நுரையை அடக்கும். அப்புறம் பாகின் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவது. நான் தெர்மாமீட்டர் வைத்துச் சொல்லித்தரும் பதத்தை அவன் அம்மா விரலால் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒயின் செய்கிறவர் ஈஸ்டை வளர விடுகிறார், இவர்கள் விடுவதில்லை. இரண்டு பேருக்கும் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

இதையே எழுதச் சொன்னேன். திருத்தி எழுதியது கலயத்திலிருந்து ஆரம்பித்தது. விண்ணப்பம் போய்விட்டது, பதில் இன்னும் வரவில்லை.

சரி, நம் கரையில் பனையேறி ஒருவர் பெயரில் இப்படி ஏதாவது உண்டா? கருப்பட்டிக் காபிக்குத் தனிப் போர்டு வைக்கிற ஓட்டல்காரர் ஒருவரிடம், ஒரு மாணவனுக்கு ஒரு செமஸ்டர் கட்டணம் தர முடியுமா என்று கேட்டேன்.

"பேனர்ல எங்க கடைப் பேரு பெருசா வருமா சார்?"

"வரும் அண்ணாச்சி. பனையேறி பேரும் அதே அளவுல வரணும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.