ஊர் வரலாற்று நூலா? முதலில் கல்வெட்டு எண்ணைப் பாருங்கள்

தமிழ்நாட்டின் ஏதோ ஓர் ஊரைப் பற்றிய வரலாற்று நூல் கைக்கு வந்தால், வாழ்த்துரைகளைத் தள்ளிவிட்டுக் கல்வெட்டு பேசப்படும் முதல் பக்கத்தைத் திறங்கள். ‘இவ்வூர்க் கல்வெட்டு ஒன்று கூறுகிறது’ என்று எண் எதுவும் தராமல் எழுதியிருந்தால், ஆசிரியர் இன்னொரு நூலிலிருந்து எடுத்து எழுதியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

எண் இருந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1887-இல் தொடங்கிய அரசின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓர் எண்ணும் சில வரி ஆங்கிலச் சுருக்கமும்தான் இருக்கும். முழு வாசகம் வேண்டுமென்றால் 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் போன்றவற்றுக்குப் போக வேண்டும். ஆண்டறிக்கையை மட்டும் வைத்து மூன்று பக்கம் விரித்து எழுதுபவர் விரிப்பது கல்வெட்டின் சொல்லை அல்ல, சுருக்கம் எழுதிய அலுவலரின் சொல்லை.

அடுத்தது காலம். சோழர் கல்வெட்டுகள் பெரும்பாலும் ஆட்சியாண்டைத்தான் தரும். அதை ஆங்கில ஆண்டாக மாற்றும்போது சறுக்குபவர்கள் பலர். முதலாம் இராசராசனின் முதல் ஆண்டு 985-இன் நடுவில் தொடங்குகிறது. ஆகவே 29-ஆம் ஆண்டு என்பது 1013-14. 985-உடன் 29-ஐக் கூட்டி 1014 என்று மட்டும் எழுதினால் பாதி வாய்ப்பு தப்பு. தஞ்சைப் பெரிய கோயிலின் தூபிக்குக் கலசம் கொடுத்தது 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாள். நாள் எண்ணும் இருப்பதால்தான் 1010 என்று துணிந்து சொல்ல முடிகிறது.

பெயரில் வரும் குழப்பம் இதைவிடப் பெரியது. இராசகேசரி, பரகேசரி இரண்டும் சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். வெறும் ‘கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு’ என்றிருந்தால் முதலாம் பராந்தகனாகவும் இருக்கலாம், உத்தம சோழனாகவும் இருக்கலாம். ‘மதிரை கொண்ட’ என்ற அடை இருந்தால் பராந்தகன். இராசராசன் காலம் முதல், மன்னனின் புகழைப் பாடும் தொடக்கப் பகுதியான மெய்க்கீர்த்தி கை கொடுக்கிறது: ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் அவன், ‘திருமன்னி வளர’ என்றால் இராசேந்திரன். அடையோ மெய்க்கீர்த்தியோ இல்லாத கல்வெட்டுக்கு எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை, பார்க்காமல் ஒற்றை ஆண்டைப் போட்டிருந்தால், அந்த நூலின் மற்ற ஆண்டுகளையும் சந்தேகிக்கலாம்.

உத்திரமேரூர்தான் நல்ல உரைகல். பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921-ஐ ஒட்டி, ஊர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும் இரண்டு கல்வெட்டுகள். குடத்தில் ஓலை இட்டு எடுக்கும் இந்தக் குடவோலை முறையைப் பற்றி எழுதும் பலர் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். முதல் ஏற்பாட்டில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 ஆகிறது. விதி ஏன் இவ்வளவு சீக்கிரம் மாறியது என்று கேட்கும் நூலே வரலாற்று நூல். 30 குடும்புகள் (ஊரின் பிரிவுகள்), குடத்தில் ஓலை, சிறுவன் எடுப்பது, மத்தியஸ்தன் (சபையின் பணியாளர்) ஐந்து விரலும் விரித்து வாங்குவது எல்லாம் சுவையான விவரங்கள்தான். ஆனால் போட்டியிட இறை செலுத்தும் கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி எல்லாம் வேண்டும் என்ற வரிகளையும் நூல் தர வேண்டும். இது பிராமணர்களின் சபை. வேளாண் குடிகளின் ஊரும் வணிகர்களின் நகரமும் தனித்தனி அவைகள். போதாததற்கு, இரண்டு தீர்மானங்களும் அரசனின் அதிகாரி உடனிருக்க நடந்தவை. இவ்வளவையும் விட்டுவிட்டு ‘அன்றே மக்களாட்சி’ என்று எழுதுவது மேடைக்குச் சரி.

அளவுகளைக் கையாளும் விதமும் காட்டிக்கொடுக்கும். நில அளவில் 20 மா ஒரு வேலி என்பது நிலையானது, குழி அப்படியல்ல. குழி என்பது ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலமுள்ள சதுரம்; அளவுகோல் 12 சாணா 16 சாணா என்பதைப் பொறுத்து அது மாறும். 16 சாண் கோலால் அளந்த 100 குழி, 12 சாண் கோலால் அளந்ததைப் போல ஏறத்தாழ 1.78 மடங்கு. கோலைச் சொல்லாமல் ஏக்கராக மாற்றிய அட்டவணை அலங்காரம். நெல்லிலும் இதே கதை: 12 மரக்கால் ஒரு கலம், ஆனால் எந்த மரக்கால்? தஞ்சைக் கல்வெட்டுகள் ‘ஆடவல்லான்’ என்று மரக்காலின் பெயரையே சொல்லிவிடும்.

கல்லில் வெட்டியவை பெரும்பாலும் கோயிலுக்கான கொடைகள், நில உரிமைகள், தீர்மானங்கள். உழைத்தவர்கள் ஓரத்தில்தான் வருவார்கள். இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீங்கிய நிலத்தைக் கழிக்கும் பட்டியலில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால் இவற்றோடு பறைச்சேரியும் கம்மாளர் வாழ்ந்த கம்மாணசேரியும் சுடுகாடும் வருகின்றன. வரிக் கணக்கின் ஒரு கழித்தல் வரியில் அந்த ஊரின் குடியிருப்பு வரைபடமே இருக்கிறது. அங்கே நின்று பார்க்கும் நூலை விலை பார்க்காமல் வாங்கலாம்.

தல புராணத்தைச் சோழர் காலத்துக்குச் சான்றாக்கும் நூல்களும் நிறைய. அவற்றில் பெரும்பாலானவை 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தையவை. எழுதப்பட்ட காலத்தின் தீர்த்தங்களையும் வழிகளையும் அறிய உதவும், அதற்கு முன்னால் இழுக்கக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டைத் தேடுபவர்களுக்கு, 1821-இல் இறந்த காலின் மெக்கன்சி என்ற ஆங்கில ஆட்சி அதிகாரி திரட்டிய கைபீதுகள், அதாவது ஊர்க்காரர் சொல்ல எழுதிய ஊர் விவரங்கள், உண்டு. அவற்றின் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. ஆனால் கைபீது சொன்னவர் பெரும்பாலும் கணக்கப்பிள்ளையோ கோயில்காரரோ பாளையக்காரரின் ஆளோதான். யார் வாயிலிருந்து வந்தது என்பதை நூல் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.