அக்காவின் மூன்றரை வருடம்

அக்டோபர் 5, 2025

அக்காவுக்கு வரும் மார்ச்சில் 58 நிறைகிறது. வேலையை விடுவதற்கு முன் பி.எஃப். கணக்கெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். எத்தனை கம்பெனி மாறினாலும் மாறாத ஒரே பி.எஃப். எண்ணான அவளுடைய யு.ஏ.என். எண்ணைப் போட்டுத் திறந்தேன். பணிக்காலம் 2018 நவம்பரில் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மார்ச் வரை எண்ணினாலும் ஏழு வருடமும் சில மாதங்களும்தான் வருகிறது. மாதா மாதம் பென்ஷன் வர வேண்டுமென்றால் பத்து வருடம் வேண்டும். 58க்கு மேல் வேலை பார்த்தாலும் அந்தக் காலம் இந்தத் தகுதிக்குச் சேராது. பத்து வராவிட்டால் ஒரே ஒரு தடவை ஒரு தொகையைக் கொடுப்பார்கள், அதோடு சரி.

"முன்னாடி எக்ஸ்போர்ட் கம்பெனியில தைச்சியே, அது என்னாச்சு?" என்று கேட்டேன்.

"அந்தப் பணத்தைத்தான் அப்பவே வாங்கிட்டேனேடா."

அவள் அப்படிச் சொன்னாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அப்பா போன பிறகு என் காலேஜ் ஃபீஸைக் கட்டியது அந்தத் தையல் சம்பளம்தான். அந்த வருடங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை என்றால் எப்படி?

அக்டோபர் 6

அக்கா எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. பீரோவின் அடித்தட்டில், ரேஷன் கார்டு நகல்களுக்குக் கீழே, ஒரு சம்பளச் சீட்டு கிடைத்தது. 1999ஆம் வருடத்தது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, ஆனால் பி.எஃப். எண் முழுசாகத் தெரிகிறது. தமிழ்நாட்டைக் குறிக்கும் எழுத்துகள், கம்பெனியின் எண், கடைசியில் அக்காவின் எண். 2014இல் யு.ஏ.என். வருவதற்கு முன்னால் கம்பெனி மாறினால் இப்படி ஒரு புது எண் கொடுப்பார்கள். யாராவது இணைத்தால் தவிர, பழைய எண் தனியாகவே கிடக்கும்.

சம்பளம் 1,800. பி.எஃப். பிடித்தம் 216, அதாவது 12 சதவீதம். கம்பெனியும் அதே 216ஐப் போட வேண்டும். ஆனால் அது அப்படியே பி.எஃப். கணக்குக்குப் போகாது. சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது 150 ரூபாய், 1995இல் வந்த பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும். மீதி 66தான் பி.எஃப்.

இதை எழுதி முடித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பி.எஃப். பணத்தை வாங்கப் படிவம் 19. பென்ஷன் பங்கை வாங்க வேறு படிவம், 10-சி. அக்கா எதைக் கொடுத்தாள்?

அக்டோபர் 11

"ஆபீஸ்ல கையெழுத்துப் போடச் சொன்ன இடத்துல போட்டேன்" என்கிறாள். எத்தனை படிவம் என்று நினைவில்லை. 25 வருடத்துக்கு முந்தைய விஷயம், அவளைக் குறை சொல்ல முடியாது.

இன்று பழைய வங்கி பாஸ்புக்கைத் தேடி எடுத்தோம். 2001இல் ஒரு வரவு, 13,870 ரூபாய். அதற்கு முன்னும் பின்னும் அந்த மாதிரி வேறு வரவு எதுவும் இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவள் அங்கே வேலை பார்த்தது 1997 ஜூலையிலிருந்து 2000 டிசம்பர் வரை, 42 மாதம். மாதம் 216ம் 66ம் சேர்த்து 282. மொத்தம் 11,844. ஆரம்பத்தில் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும், ஆனால் வட்டி சேரும். ஆக அந்த 13,870 பி.எஃப். பணம் மட்டும்தான். பென்ஷன் பங்கை அவள் தொடவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அவள் நம்பவில்லை. "அப்படி இருந்தா கம்பெனியிலேயே சொல்லியிருக்க மாட்டாங்களா?" என்றாள். சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிவிட்டது, இனி யாரிடம் போய்க் கேட்பது?

அக்டோபர் 27

பி.எஃப். நிறுவனம் மாதா மாதம் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைதீர்ப்பு முகாம் நடத்துகிறது. இருவரும் போனோம். சம்பளச் சீட்டையும் பாஸ்புக் நகலையும் நீட்டினேன். அதிகாரி பழைய எண்ணைப் போட்டுப் பார்த்தார், எங்கேயோ போன் செய்தார், அப்புறம் அக்காவைப் பார்த்து, "பி.எஃப். வாங்கியிருக்கீங்கம்மா. பென்ஷன் வாங்கல. சர்வீஸ் அப்படியே இருக்கு" என்றார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

10-சி படிவத்தில் இரண்டு வழி இருக்கிறது. பென்ஷன் பங்கைப் பணமாக வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் பணிக்காலத்தைக் காட்டும் சான்றிதழான ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கலாம். பணம் வாங்கினால் அந்த வருடங்கள் அழிந்துவிடும். சர்டிபிகேட் வாங்கினால் இப்போதைய வேலையின் காலத்தோடு சேரும். இதை அவரே பொறுமையாக இரண்டு தடவை விளக்கினார். பழைய வேலையின் கணக்கை மூடப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் அந்த ஒரு டிக்கை எங்கே போடுகிறோம் என்று பார்த்துப் போட வேண்டும்.

கம்பெனி மூடியாகிவிட்டதால் படிவத்தில் வங்கி மேலாளர் சான்றொப்பம் போட்டால் போதுமாம்.

நவம்பர் 3

இன்னொரு சிக்கல், இனிஷியல். அங்கே சேர்ந்தபோது அப்பாவின் இனிஷியல். இப்போது ஆதாரில் மாமாவுடையது. கல்யாணத்துக்குப் பிறகு இப்படி மாற்றிக்கொண்ட பெண்கள் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கும் இந்தத் தடை இருக்கும். திருமணப் பதிவுச் சான்றிதழ், பள்ளி டி.சி., பழைய பாஸ்புக் எல்லாவற்றையும் இணைத்தோம். வங்கி மேலாளர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் படிவத்தைக் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று.

நவம்பர் 28

சர்டிபிகேட் வந்துவிட்டது. பணிக்காலம் மூன்று வருடம் ஆறு மாதம்.

இதையும் சேர்த்தால் மார்ச்சில் பத்து வருடமும் பத்து மாதமும் ஆகும். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள், ஆக பதினொன்று. அவள் சம்பளத்தின் ஐந்து வருடச் சராசரி 12,000. பென்ஷனுக்கு உள்ள சூத்திரப்படி அதைப் பதினொன்றால் பெருக்கி எழுபதால் வகுத்தால் மாதம் 1,885 ரூபாய் சொச்சம் வருகிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் உயிரோடு இருக்கும்வரை வரும், அவளுக்குப் பிறகு மாமாவுக்கு ஏறக்குறைய பாதி வரும். மார்ச்சில் பென்ஷன் கேட்கும் 10-டி படிவத்தோடு இந்தச் சர்டிபிகேட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அக்கா அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, சம்பளச் சீட்டையும் அதனுடனேயே வைத்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"என் பக்கத்து மெஷின்ல ஒருத்தி இருந்தாடா. அவளும் அந்த வருஷம்தான் நின்னா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கையெழுத்துப் போட்டோம்."

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. பழைய லைன் சூப்பர்வைசரின் தங்கை நம்பர் யாரிடமோ இருக்கிறதாம். நாளைக்குக் காலையில் முதலில் அதைத்தான் கேட்கப் போகிறோம்.