ஐந்து கோழி, 25 கிலோ மூட்டை, 42 நாள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரைவீட்டில் பத்து வரை வளர்க்கலாம். அதனால் என் ஐந்து கோழிகளும் சிராங்கூன் கார்டன்ஸில் அக்கா வீட்டுப் பின்புறத்தில் இருக்கின்றன. காலைத் தீனி அக்கா பொறுப்பு. வேலை முடிந்து பேருந்து பிடித்துப் போய் மாலையில் நான் கவனிக்கிறேன்.

முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு 110 முதல் 120 கிராம் வரை தின்னும். அந்தக் கணக்குப்படி 25 கிலோ தீவன மூட்டை ஆறு வாரம் வரவேண்டும். முதல் மூட்டை 31 நாளில் காலி. மூட்டை 40 வெள்ளி என்பதால் மனது கேட்கவில்லை. செலவைக் குறைக்கலாம் என்று தேக்கா சந்தையில் கம்பும் நொய்யரிசியும் வாங்கி, தீவனத்தில் சரிபாதி கலந்தேன். கோழிகள் கம்பைத்தான் முதலில் பொறுக்கித் தின்றன. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது வாரம் அக்கா அழைத்தார். “தம்பி, முட்டையைத் தொட்டா அமுங்குதுடா.” போய்ப் பார்த்தால் தோல்முட்டை. ஓடே இல்லை, ஈரமான வெள்ளைச் சவ்வு மட்டும். கையில் எடுத்தால் தளதளவென்று ஆடியது. நாளுக்கு நான்கு வந்த முட்டை இரண்டாகிவிட்டது.

காரணம் நான் கலந்த தானியம்தான். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் 2 கிராம் அளவுக்குக் கால்சியம் போகிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 விழுக்காடு கால்சியமும் 16, 17 விழுக்காடு புரதமும் இருக்கும். கம்பிலும் நொய்யிலும் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம், புரதமும் குறைவு. பாதிக்குப் பாதி கலந்ததும் இரண்டும் சரிந்துவிட்டன. அந்தக் கோழிகளைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. கலப்பதை அன்றோடு நிறுத்தினேன். கால்சியத்துக்காகக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில், அதுவும் மாலையில் வைக்கிறேன். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. இரண்டு வாரத்தில் ஓடு கெட்டியானது.

அப்புறம்தான் தீவனம் எங்கே போகிறது என்று பார்த்தேன். ஒரு ஞாயிறு முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கம்பி இடைவெளியில் மைனாக்கள் தாராளமாக நுழைந்தன. கோழிகளும் தொட்டியை அலகால் கிளறிப் பாதியைக் கீழே தள்ளின. நுண்வலை அடித்தேன், காட்டுப் பறவைகளிடமிருந்து நோய் தொற்றாமலிருக்கவும் அது அவசியம். தொட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கிக் கட்டினேன். டிசம்பர் மழையில் மூட்டையின் அடியில் பூஞ்சை பிடித்து இரண்டு கிலோவைக் கொட்டவேண்டி வந்தது. இப்போது எல்லாம் இறுக மூடும் டப்பாவில்.

போன மூட்டை 42 நாள் வந்தது. 168 முட்டை, ஒன்றுக்குத் தீவனச் செலவு 24 காசு. பேருந்துக் கட்டணமும் கிளிஞ்சலும் தனி. கடை முட்டையைவிட மலிவு என்று சொல்ல முடியாது. கீரைக்கடை அண்ணன் கழித்துத் தரும் தண்டுக்கீரைக்குக் காசில்லை. மஞ்சள் கரு நல்ல நிறத்துக்கு வந்திருப்பது அதனால்தான். சனிக்கிழமை புது மூட்டை பிரித்து, டப்பா மூடியில் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.