சுசந்திகாவின் 22.28

வேகமாக ஓடுகிறவர் யார் என்று நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் உசைன் போல்ட் என்கிறார்கள். சரிதான். ஆனால் நம் இலங்கை ஓட்டக்காரி சுசந்திகா ஜயசிங்கவைத் தெரியாது என்றால் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. அவர் தூரத்து ஆள் இல்லை, மலை இறங்கினால் கேகாலை மாவட்டம்.

2000 சிட்னி ஒலிம்பிக், 200 மீட்டர் இறுதி ஓட்டம். 22.28 செக்கனில் மூன்றாமிடம். இரண்டாவதாக வந்த பஹாமாஸ்காரிக்கு 22.27! 1948இல் டங்கன் வைட் வென்ற வெள்ளிக்குப் பிறகு நமக்கு வந்த ஒலிம்பிக் பதக்கம் அதுதான். முதலிடம் பிடித்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007இல் ஒப்புக்கொள்ள, 2009இல்தான் வெண்கலம் வெள்ளியானது. அந்த மேடையில் வெள்ளியோடு நிற்கவேண்டிய நிமிஷத்தை யார் திருப்பித் தருவது?

அப்புறம் 2002 புசான் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் தங்கம். 2007 ஒசாகா உலகப் போட்டியில், 31 வயதில், வெண்கலம்.

ஹட்டன் டன்பார் மைதானத்தில் போன கிழமை ஒரு பிள்ளை பாட்டா செருப்பைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு வெறுங்காலில் ஓடி முதலாவதாக வந்தாள். கொழுந்துக் கூடையோடு மலை ஏறுகிற பரம்பரை, காலில் பலத்துக்கா குறை? பழைய ஸ்பைக் சப்பாத்து, நாலாம் சைஸ், யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸ் வாருங்கள்.