ஆவாரம் இல்லாத ஊரில் மஞ்சள் பூ

போகி சாயங்காலம் சேலத்திலிருந்து போன் வரும். "காப்பு கட்டியாச்சா, கண்ணு?" பொங்கலுக்கு முன் வாசலில் செருகும் அந்தக் காப்புக்கு இங்கிலாந்தில் ஆவாரத்துக்கும் பூளைப்பூவுக்கும் எங்கே போவது? ஜனவரியில் வாசலில் நிற்கவே மூன்று சட்டை வேண்டும்.

அந்த ஏக்கத்தோடு இருப்பதால்தான், ஏப்ரலில் புல்தரை மஞ்சளாகித் தேனீ மொய்க்கும்போது புதிதாக வந்த சேலத்துக்காரர்கள் ஆவாரம் என்று ஏமாறுகிறார்கள். தள்ளி நின்றால் ஏற்காட்டு அடிவாரம் மாதிரியே இருக்கும். குனிந்து பாருங்கள். ஆவாரம் புதர், ஒரே காம்பில் 8 முதல் 12 ஜோடி சிற்றிலை, பூவுக்கு 5 இதழ். இங்கே புல்தரையில் இருப்பது டேன்டெலியன். ரம்பப் பல் வைத்த இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். தண்டில் இலை கிடையாது. கிள்ளினால் உள்ளே வெறும் குழல், வெள்ளைப் பால் வடியும். ஒரு தண்டுக்கு ஒரே பூ. ஜூனுக்கு மேல் இதே முகத்தோடு வந்து, தண்டு கிளை பிரிந்து, இலையில் முரட்டு ரோமம் இருந்தால் அது கேட்ஸ் இயர். இரண்டையும் விட்டுவிடலாம், தேனீக்கு நல்ல தீனி.

ராக்வொர்ட் என்கிற இன்னொரு மஞ்சள் பூக் களையிடம்தான் ஜாக்கிரதை. ஜூலையில் இடுப்புயரம் வளர்ந்து உச்சியில் தட்டையாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். ஒரு பூவில் பெரும்பாலும் 13 இதழ். தேனீக்குக் கொண்டாட்டம், மாட்டுக்கும் குதிரைக்கும் கல்லீரல் போய்விடும். காய்ந்தாலும் விஷம் போகாது. இங்கத்திய 1959ஆம் ஆண்டுக் களைச் சட்டத்திலேயே இதன் பெயர் இருக்கிறது. விதை கட்டுமுன் கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். வேர்த்துண்டு தங்கினால் மறுபடி முளைக்கும். ஒடித்து ஆட்டுக்குப் போடும் நம்மூர்ப் பழக்கம் இங்கே ஆகாது.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது தக்காளிப் பூவில் கேட்கும் சத்தம். பம்பிள்பீ என்கிற குண்டு வண்டு அந்தச் சின்ன மஞ்சள் பூவில் தலைகீழாகத் தொங்கி, இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் ர்ர்ர் என்று அதிர வைக்கும். ஆவாரம்பூவில் நம்ம கருவண்டு செய்வதும் அதேதான். ஆவாரத்தில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் உப்பு டப்பா மாதிரி நுனியில் ஓட்டை வைத்த பைக்குள். குலுக்கினால்தான் கொட்டும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தக்காளிக்கும் இதே கதை. அதனால்தான் கண்ணாடிக் குடிலின் கதவைச் சாத்தியே வைத்தால் பூவெல்லாம் காய் பிடிக்காமல் உதிர்கிறது. பகலில் கதவைத் திறந்து வையுங்கள். வண்டே வரவில்லையென்றால், மதிய வாக்கில் எலெக்ட்ரிக் டூத்பிரஷ்ஷின் பின்பக்கத்தைப் பூக்காம்பில் இரண்டு மூன்று நொடி வைத்தால் போதும். சத்தம்கூட ஏறக்குறைய அதேதான்.

தக்காளிப் பூவைக் காப்புக்குச் செருகலாமா என்று கேட்டுவிடாதீர்கள், ஜனவரியில் அதுவும் இருக்காது. ஊருக்கு வெளியே தரிசு மேடுகளில் கார்ஸ் என்கிற மஞ்சள் பூப் புதர் அப்போதும் கொஞ்சம் பூத்திருக்கும். தொட்டால் முள். வெயில் பட்ட நாளில் பூவை முகர்ந்து பார்த்தால் தேங்காய் வாசனை.