அப்பாவோட 1210-க்கு மறுபடியும் மரக்கேபின் கட்டின கதை

எங்கப்பாவோட டாடா 1210 எஸ்.இ. லாரிக்கு கேபின்ல இருந்து பின்கதவு வரைக்கும் புதுசா பாடி கட்டி, எஃப்.சி. (வண்டி ஓட்டத் தகுதிச் சான்று) வாங்கி, ஆறு மாசம் ஓட்டியும் பாத்தாச்சு. பழைய வண்டி வெச்சிருக்கறவங்க ரெண்டு மூணு பேர் போன் பண்ணி என்ன மரம் போட்டீங்க, எவ்வளவு ஆச்சு, இரும்புல கட்டியிருக்கலாமேன்னு கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் பாதி பாதியா சொல்லிட்டிருந்தேன், அதான் முழுசா எழுதிடறேன். பாடி கட்டறப்ப நாம எடுக்கற ஒவ்வொரு முடிவும் பின்னாடி எடை மேடையிலயும் கேபின் சூட்டுலயும் ரிப்பேர் செலவுலயும் திரும்பி வந்து நிக்குது. இதை எனக்கு முன்னாடியே யாராவது உக்கார வெச்சு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வண்டி 1983 மாடல். 1210ல 12ன்னா லோடோட சேத்து மொத்த எடை 12 டன், 10ன்னா சுமார் 100 குதிரைச்சக்தி. உள்ள இருக்கறது 692 இன்ஜின், 6 சிலிண்டர், 92 எம்.எம். போர் (சிலிண்டர் துளையோட விட்டம்), அதான் அந்த பேரு. டாடாவோட லாரி கம்பெனி டெல்கோ 1954ல மெர்சிடிஸ் பென்ஸோட சேர்ந்து லாரி பண்ண ஆரம்பிச்சு 1969ல அந்த ஒப்பந்தம் முடிஞ்சுது, ஆனா அந்த வம்சத்தோட சாயல் இந்த வண்டி மூக்குலயும் இன்ஜின் சத்தத்துலயும் இன்னும் இருக்கு. அப்பல்லாம் கம்பெனில இருந்து சேஸும் (வண்டியோட அடி இரும்புச் சட்டம்) முன்னாடி மூக்கும் மட்டும்தான் வரும், கேபினே கிடையாது. அப்பா சேலத்துல டெலிவரி எடுத்து, தலைல துண்டைக் கட்டிக்கிட்டு ஒரு மரப்பெட்டி மேல உக்காந்து நாமக்கல் பட்டறை வரைக்கும் ஓட்டிட்டு போனாராம். அதுனால "ஒரிஜினல் கேபின்"னு கம்பெனி கேபின் எதுவும் இந்த வண்டிக்கு இல்ல. நாமக்கல் ஆசாரிங்க கட்டினதுதான் ஒரிஜினல். மரக்கேபின்தான் வேணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னதுக்கு அதுதான் காரணம்.

ஆனா அப்பாவுக்கு ஒரு கண்டிஷன். "கண்காட்சிக்கு நிக்கற வண்டியா பண்றதுன்னா எனக்கு வேண்டாம், தேங்காய் ஏத்தணும், வைக்கோல் ஏத்தணும், மழைல நனைஞ்சா நனையணும்"னுட்டார். அவருக்கு இப்ப 74. டிரைவர் வெச்சுத்தான் ஓட்டறோம், எல்லாம் 40, 50 கிலோமீட்டருக்குள்ள லோக்கல் ஓட்டம். இதை இவ்வளவு விவரமா சொல்றதுக்கு காரணம், வண்டி என்ன வேலை செய்யப்போகுதுன்னு முடிவு பண்ணாம பட்டறைக்கு போனா அவங்க கைல என்ன மெட்டீரியல் இருக்கோ அதுல கட்டி அனுப்பிடுவாங்க.

முதல்ல பழைய பாடியை கழட்டி இறக்கினாங்க. அன்னைக்கு நான் பாத்ததை மறக்கவே முடியாது. வெளில இருந்து பாக்க நல்லா இருந்த வண்டி, ஆனா சேஸ் மேல பலகை உக்காந்திருந்த இடம் பூரா துரு அடை அடையா உரியுது. நடுவுல எப்பவோ ஒரு தடவை பாடி மாத்தினப்ப யாரோ குறுக்கு சேனலை நேரா சேஸ் ஃபிளேஞ்ச் (சட்டத்தோட மடிஞ்ச விளிம்பு) மேலயே வெல்டிங் அடிச்சிருக்காங்க, சரியா அந்த வெல்டிங் முனைல இருந்து, பின் கமான் பட்டை (ஸ்பிரிங்) பிராக்கெட்டுக்கு கிட்ட, நாலு விரக்கடை நீளத்துக்கு விரிசல். லாரி சேஸ் குழில இறங்கி ஏறறப்ப முறுக்கிக்கணும், அப்படித்தான் அதை டிசைன் பண்ணியிருக்காங்க, மேல் கீழ் ஃபிளேஞ்ச்தான் இழுவையையும் அழுத்தத்தையும் வாங்கற இடம், அங்க ஓட்டை போட்டாலோ வெல்டிங் வெச்சாலோ விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அப்பா பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து ஒண்ணும் பேசாம அந்த விரிசலையே ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தார். இந்த சேஸோட அஸ்ஸாம் வரைக்கும் போயிட்டு வந்தவர்.

விரிசல் முனைல துளை போட்டு மேல போகாம நிறுத்தி, உள் பக்கமா பிளேட் வெச்சு, ஃபிளேஞ்சை தொடாம நடுச்சுவர்ல மட்டும் போல்ட் போட்டு எடுத்தாங்க. பதினாறு நாள் இதுக்கே போச்சு. பாடி பட்ஜெட் போடறவங்க தயவுசெஞ்சு சேஸ் வேலைக்குன்னு தனியா ஒரு தொகையை ஒதுக்கி வைங்க.

புது பாடியை வெல்டிங் இல்லாம யூ-போல்ட்லதான் (சேஸை சுத்திப் பிடிக்கற யூ வடிவ போல்ட்) கட்டணும்னு கண்டிப்பா சொல்லிட்டேன். சேஸுக்கும் ரன்னருக்கும் (பாடியைத் தாங்கற நீளச் சட்டம்) நடுவுல மரக்கட்டை பேக்கிங், அப்புறம் யூ-போல்ட் இறுக்கற இடத்துல சேஸ் சேனல் உள்ள ஒரு மரத்துண்டு, இல்லன்னா இறுக்கறப்ப ஃபிளேஞ்ச் வாய் மடங்கிடும். முன் ஜோடி யூ-போல்ட்டுக்கு மட்டும் ஸ்பிரிங் வெச்சோம், கேபினுக்கு பின்னாடி சேஸ் முறுக்கறப்ப பாடி கொஞ்சம் எழும்பி உக்காரணும். வெல்டிங் வெச்சா அரை நாள்ல முடியும், யூ-போல்ட்டுன்னா மாசத்துக்கு ஒரு தடவை நட்டு செக் பண்ணணும். செக் பண்ணிக்கறோம்.

அடுத்தது பிளாட்பாரம், அதாவது லோடு ஏத்தற தளம், பெரிய சண்டையே இதுலதான். பட்டறைல எல்லாரும் 3 எம்.எம். இரும்புத் தகடு போடுங்க, மரம் எடை ஜாஸ்தின்னாங்க. சரின்னு நானே கணக்கு போட்டேன். 17 அடிக்கு 7 அடி, கிட்டத்தட்ட 11 சதுர மீட்டர். 3 எம்.எம். தகடு ஒரு சதுர மீட்டர் 23½ கிலோ, ஆக 260 கிலோ. ஒண்ணரை இஞ்ச் கருமருது பலகைன்னா 350 கிலோ வரும். பாக்க தகடு 90 கிலோ கம்மி. ஆனா தகடு மெல்லிசு, அது தொங்காம இருக்கணும்னா கீழ குறுக்கு சேனலை நெருக்கமா போடணும், எங்க அளவுக்கு 15 சேனல் கேட்டாங்க, பலகைக்கு 9 போதும். 3 இஞ்ச் சேனல் 7 அடி நீளம் ஒண்ணு 15 கிலோ, ஆறு சேனல் கூடுதல்னா 90 கிலோ. கடைசில ரெண்டும் ஒரே எடை! ஆசாரிகிட்ட அந்த பேப்பரை காட்டினதும் "ஏனுங்க அம்மிணி, இத நான் நாப்பது வருசமா வாய்ல சொல்றேன், யாரும் கேக்கல, நீங்க எழுதிக் காட்டுனதும் கேக்கறாங்க பாருங்க"ன்னார்.

எடை சமம்னு ஆனதும் மத்ததை வெச்சு முடிவு பண்ணினோம். வெயில்ல தகடு கொதிக்கும், ராத்திரி அடில வேர்க்கும், அதுல மூட்டை ஈரமாகும், சறுக்கும். பலகைல ஒண்ணு ஒடைஞ்சா அந்த ஒண்ணை மட்டும் கழட்டி எந்த ஊர்லயும் மாத்திக்கலாம். ஆனா நீங்க ஜல்லி, எம்-சாண்ட், பழைய இரும்பு ஏத்தறவங்கன்னா மரம் பக்கமே போகாதீங்க, மண்வெட்டில வாரி வாரி ஒரு வருசத்துல பலகையை தின்னுடும், சந்துல மணல் போய் ஈரம் தேங்கும். எங்களுக்கு தேங்காயும் வைக்கோலும்ங்கறதால கருமருது. சைடு மூணு அடி ஃபிக்ஸட், அதுக்கு மேல வைக்கோல் சீசன்ல பைப் சொருகிக்க சாக்கெட். இறக்கற கதவு சைடுல வேணும்னு முதல்ல ஆசைப்பட்டேன், கீலும் கொண்டியும் சேந்தா எடையும் கூடும் கடகட சத்தமும் வரும்னு விட்டுட்டேன். தேங்காய் இறக்கறப்ப அது இல்லாத குறை தெரியுது, ஆளுங்க பின்கதவு வழியாவே கூடை தூக்க வேண்டியிருக்கு, அரை மணி நேரம் கூட ஆகுது.

இப்ப கேபின். ஃபிரேம் தேக்கு, கீழ்சட்டம் மட்டும் வேங்கை, வெளில 20 கேஜ் தகடு. ஸ்கொயர் டியூப்ல கட்டினா சீக்கிரம் முடியும், விலையும் கம்மி, ஆனா டியூப் உள்பக்கமா துருப்பிடிக்கறது கண்ணுக்கு தெரியாது. மரம் சத்தத்தையும் அதிர்வையும் வாங்கிக்கும். மரத்தோட எதிரி தண்ணிதான், கதவு தூண் அடில தேங்கி அங்கதான் முதல்ல மக்கும், அதுனால ஒவ்வொரு தூண் அடிலயும் தண்ணி வெளிய போக துளை விட்டு, சேர்மானத்துக்கெல்லாம் சேர்க்கறதுக்கு முன்னாடியே பிரைமர் அடிச்சோம்.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடறேன், நேருக்கு நேர் மோதினா மரக்கேபின் டிரைவரை காப்பாத்தாது. கேபின் பின்சுவர்ல உள்ளாற ஒரு இரும்பு வளையம் வெச்சு ரன்னரோட சேத்து கட்டினோம், பின்னாடி லோடு முன்னுக்கு வந்தா தாங்கறதுக்கு, சீட் பெல்ட்டும் அதுலதான் மாட்டியிருக்கு. அதுக்கு 60 கிலோ எடை கூடுச்சு, அதைப்பத்தி யாரும் பேச்சே எடுக்கல. ஆனாலும் ராத்திரி பூரா ஹைவேல ஓட்டறவங்களுக்கு மரக்கேபின் கட்டுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். 2025 அக்டோபர்ல இருந்து தயாரிக்கற புது லாரிக்கெல்லாம் கேபின் ஏ.சி. கட்டாயம்னு வந்திருக்கு, அந்த மாதிரி ஓட்டத்துக்கு அந்த மாதிரி வண்டிதான் சரி.

முன்கண்ணாடியை பழையபடி நடுவுல தூண் வெச்சு ரெண்டா போட்டோம். நடுத்தூண் பார்வையை மறைக்குது, முக்குல திரும்பறப்ப டிரைவர் தலையை நீட்டித்தான் பாக்கணும். ஆனா தட்டையான லேமினேட்டட் கண்ணாடி, ஒரு பக்கம் விரிஞ்சா அதை மட்டும் வெட்டி வாங்கிக்கலாம்.

மனசு நொந்தது இன்ஜின் கவர்லதான். இந்த வண்டில இன்ஜின் பாதி கேபினுக்குள்ளதான் இருக்கு, மே மாசத்துல டிரைவரோட இடதுகால் வெந்துடும். ராக் வூல் ரெண்டு அடுக்கு, மேல அலுமினியத் தகடு, அதுக்கு மேல ரெக்சின் போட சொன்னேன், நல்லாவே பண்ணினாங்க, சூடும் சத்தமும் நிஜமாவே குறைஞ்சுது. ஆனா கவரை ஒரே பீஸா கட்டிட்டாங்க. பழைய கவரைவிட ரெண்டு இஞ்ச் அகலம் வேற. முதல் தடவை டேப்பட் (இன்ஜின் வால்வு இடைவெளி) செட் பண்ண மெக்கானிக் வந்தப்பதான் தெரிஞ்சுது, கிளீனர் சீட்டை கழட்டாம கவர் வெளிய வராது. அரை மணி வேலைக்கு மூணு மணி நேரம். வண்டி வழில நின்னு நடு ராத்திரில கவரை திறக்கணும்னா என்ன பண்றது? பட்டறைல கேட்டா "நீங்க சொன்ன மாதிரிதானே கட்டினோம்"னாங்க. மறுபடி காசு குடுத்து ரெண்டா வெட்டி கிளிப் போட்டு வாங்கினேன். கேபின் கட்டறவங்க கவரை மூடறதுக்கு முன்னாடி உங்க மெக்கானிக்கை ஒரு தடவை பட்டறைக்கு கூட்டிட்டு வந்து காட்டிடுங்க.

கேபின் மேல கேரியரும் பெரிய வளைவு வெச்ச சன் ஷேடும் அப்பா ஆசை. 45 கிலோமீட்டர் வேகத்துல ஓடற வண்டிக்கு காத்து ஒண்ணும் பண்ணாது, காத்து எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும்ங்கறதால 80ல போற வண்டிக்குத்தான் அது டீசலை குடிக்கும். அதுனால அப்பா கேட்டது அப்படியே கிடைச்சுது.

ஆர்.டி.ஓ. விஷயம். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. அதுனால நீளம், அகலம், ஓப்பன் பாடிங்கறது, மூணையும் ஆர்.சி.ல இருந்தபடியே வெச்சோம். பட்டறைல பின்னாடி ஒரு ரெண்டடி நீட்டிக்கலாம்னு ஆசை காட்டினாங்க. பின் ஓவர்ஹேங் (பின் அச்சுக்கு பின்னாடி நீட்டற நீளம்) வீல்பேஸ்ல (முன் பின் அச்சுக்கு நடுவுல இருக்கற தூரம்) 60 சதவீதத்தை தாண்டக்கூடாது, எங்க வீல்பேஸ் 4225 எம்.எம்., ஆக 2535 எம்.எம். வரைக்கும்தான், அதுக்குள்ள வந்தாலும் பின்னாடி லோடு கூடினா முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காதுன்னு அப்பா ஒரே வார்த்தைல வேண்டாம்னுட்டார். எடை மேடைல ஏத்தினப்ப காலி வண்டி 4,910 கிலோ, பழைய ஆர்.சி.ல 4,760. அந்த 150 கிலோ நாங்க ஏத்தற லோடுல குறையும், அதுல 60 அந்த இரும்பு வளையம். எடை சீட்டோட விண்ணப்பம் குடுத்து ஆர்.சி.ல மாத்தினோம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் சுத்திப் பாத்துட்டு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டினது ஒரு பக்கம் வரிசை சரியில்லன்னு திருப்பி அனுப்பினார், மறுநாள் ஒட்டிட்டு போய் வாங்கிட்டோம்.

பெயின்ட்டு, எனாமல்தான். பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் பளபளன்னு இருக்கும், ஆனா கீறல் விழுந்தா பெயின்ட் அடிக்கற பூத்துல விட்டாத்தான் சரியாகும், எனாமல்னா நம்ம வீட்டு வாசல்லயே பிரஷ் வெச்சு தொட்டுக்கலாம். கலர், காய்ஞ்ச இலை பிரவுனும் வெள்ளை பார்டரும். அப்பா நேஷனல் பர்மிட்ல ஓட்டின காலத்துல அந்த கலர்தான் ரூல். எழுத்து ஸ்டிக்கர் இல்ல, ஒரு பெயின்டர் அண்ணன் ரெண்டு நாள் உக்காந்து கையாலயே எழுதினார், எங்கம்மா பேரை அவர் எழுதி முடிக்கற வரைக்கும் அப்பா பக்கத்துலயே நின்னார்.

மொத்தம் 6 லட்சத்து 40 ஆயிரம், சேஸ் வேலையும் சேத்து. 45 நாள்னு சொன்னது நாலு மாசம். கோடைல கட்டினதால கதவுக்கு சந்து கம்மியா விட்டுட்டாங்க, ஐப்பசி மழைல மரம் ஊதி இடதுபக்க கதவு சிக்குது, தோள்பட்டையால தள்ளித்தான் மூடறோம். உடனே இழைச்சுடலாம்னு நான் சொன்னேன், ஆசாரி வேண்டாம்னுட்டார், இப்ப இழைச்சா மாசில காய்ஞ்சப்புறம் சந்து பெருசாகி கதவு ஆடுமாம். "தை பொறந்து ரெண்டு வாரம் நல்ல வெயில் அடிக்கட்டுங்க, நானே உளி எடுத்துட்டு வீட்டுக்கு வரேன்"னு சொல்லியிருக்கார்.